காரையில் கிடந்த தெர்மாமீட்டர்

கடல் பார்க்கணும் என்றால் பெரம்பலூர்க்காரர்கள் வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இனி எதற்கு? காரை இருக்கிறதே!

குளக்காநத்தம் பக்கம், காரை கிராமத்தைத் தாண்டியதும் பச்சை சட்டென்று நின்றுவிடுகிறது. செம்பழுப்புக் களிமண் மேடுகள், மழை அறுத்த ஓடைகள், நடுநடுவே கண்ணாடிச் சில்லாக மின்னும் ஜிப்சம். முந்தின நாள் மழையில் செருப்போடு அரைக்கிலோ மண் ஒட்டிக்கொண்டது. தட்டலாம் என்று குனிந்தேன். காலடியிலேயே கிடந்தது: சுண்டுவிரல் நீளம், தேன் நிறம், தோட்டா மாதிரி கூர்முனை. பெலெம்னைட்! கணவாய் மீனின் தூரத்துச் சொந்தம். அதன் உடம்புக்குள் இருந்த தண்டு இது. வயசு சுமார் 10 கோடி வருஷம்; அப்போது இங்கே கடல். கை நடுங்கியது என்றால் நம்புங்கள்.

உடைந்த முனையை வெயிலுக்குத் திருப்பினால், அறுத்த மரத்தில் தெரிவதுபோல வளையம் வளையமாக. அந்தந்த வளையம் படிந்தபோது கடல் எவ்வளவு சூடு என்பது அதற்குள்ளேயே இருக்கிறது! நீர் குளிர்ந்தால் வளையத்தில் கனமான ஆக்சிஜன்-18 கொஞ்சம் கூடுதலாகச் சேரும், சூடானால் குறையும். 1947இல் இந்தச் சூட்சுமத்தைச் சொன்னவர் விஞ்ஞானி ஹரால்டு யூரி. 1951இல் அவர் குழு ஸ்காட்லாந்து பெலெம்னைட் ஒன்றைச் சுரண்டிச் சுரண்டி அளந்து, வளர்ந்த பிறகு அது மூன்று கோடையும் நான்கு குளிர்காலமும் கண்டது என்று சொல்லிவிட்டது. ஜாதகமே கணித்துவிட்டார்கள்!

எனக்கு இன்னும் பேராசை: பருவம் மட்டும் போதாது, ஒரே ஒரு நாளின் குளிரும் தெரியணும். கடலில் மேலே சூடான நீர், அடியில் குளிர்ந்த நீர். இரண்டும் தொடும் இடத்திலும் அலை எழும். மேலே கப்பலில் இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. அந்தமான் கடலில் அப்படி 80 மீட்டர் உயர அலையைப் பார்த்ததாக 1965இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே ஆழத்தில் நிற்கும் மீனுக்குச் சில நிமிஷத்தில் சூடு போய்க் குளிர் வந்துவிடும். என் கையிலிருந்ததற்கும் இப்படி ஒரு மத்தியானம் சில்லிட்டிருக்குமா? வளையம் அவ்வளவு நுணுக்கமாகப் பேசாது. கேட்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அரியலூர் பக்கம் போனால் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். காரைக்கு மழை விட்ட மறுநாள் போங்கள், பழைய செருப்போடு. பெலெம்னைட் கிடைத்தால் கையில் எடுத்து ஆசைதீரப் பாருங்கள். பையில் மட்டும் போடாதீர்கள், கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நானும் வைத்துவிட்டுத்தான் வந்தேன், மூன்று தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே.