சிவன்சொத்தும் கணக்காராய்வும்

சைவ நன்மக்கள் அறத்தின்பொருட்டு ஈயும் பொருள், ஈந்த அக்கணமே ஈந்தோர்க்கும் உரியதன்று; வாங்கினோர்க்கும் உரியதன்று; சிவபெருமானுக்கே உரியதாம். இதனை மறுப்பார் நம்மவருள் இலர். ஆயினும் இவ்வுண்மையினின்று பிறக்குங் கடமை யாது என்பதிற் பலர்க்கு மயக்கம் உளது. கொடுத்த பொருளுக்குக் கணக்குக் கேட்டல் பத்திக்குக் குறைவென்பார் ஒருசாரார். அடியார் கையிற் சேர்ந்த பொருளைப்பற்றி வினவுதல் அடியார்நிந்தையாம் என்பார் மற்றொருசாரார். இவ்விரண்டும் நம் முன்னோர் நெறிக்கு ஒத்தனவா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்றாகிய திருவல்லம் இக்காலத்து வேலூர் மாவட்டத்தில் உள்ளது. அவ்வாலயத்தில் முதலாம் இராசராசசோழர் காலத்துக் கல்வெட்டொன்று காணப்படுகின்றது. மதுராந்தகன் கண்டராதித்தன் என்பான் அப்பெருமானுக்கு ஆயிரங்கலச நீராட்டுச் செய்வித்தபோது, திருவமுது இருநாழி அரிசியளவாகச் சுருங்கியிருத்தலையும், நெய்யமுதும் கறியமுதும் தயிரமுதும் நின்றுபோயிருத்தலையும், நந்தாவிளக்குகள் பேணப்படாமையையும் கண்டான். உடனே கோயிற் சிவப்பிராமணரையும் ஊர்ச்சபையாரையும் அழைத்து, கோயிலின் வருவாயையும் செலவையும் சொல்லுமாறு பணித்தான் என்பது அதன் பொருள். இங்கே உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவன் ஏட்டினின்று தொடங்கினானல்லன்; இறைவன் திருமுன்பு வைத்த அமுதினின்று தொடங்கினான். தொகை ஒத்திருத்தல் ஒன்று. அறம் நடந்திருத்தல் வேறொன்று. ஏட்டில் வரவுஞ் செலவும் ஒருங்கு நிற்கவும் திருவிளக்கு அவிந்துகிடத்தல் கூடும். ஆதலின் விளக்கை முதலிற் பார்த்துப் பின்னர் ஏட்டைப் பார்த்தலே ஆராய்ச்சி முறையாம்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சாசனங்கள் இம்முறைக்கு அரணாவன. கொடுத்த பொன் 'ஆடவல்லான்' என்னும் பெயரிய கல்லால் நிறுக்கப்பட்டது. ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்றவன் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். அவை 'சாவா மூவாப் பேராடுகள்' எனப்பட்டன. இறந்தவற்றுக்கு ஈடாக ஈன்றவை நின்று தொகை குன்றாதிருத்தலின் என்க. ஊர்ச்சபையாரிடம் வைத்த காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு பொலிசையாயிற்று. அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதலைத் தொடாது பொலிசையாலே தருமம் நடத்துவதென்னும் நியதி இவற்றால் இனிது விளங்கும். கொடுத்தவர் யார், பொருள் எவ்வளவு, எதன்பொருட்டு, எவர் பொறுப்பு என்னும் நான்கும் யாவருங் காணக் கல்லில் வெட்டப்பட்டன. பெட்டியிற் பூட்டிவைக்கத்தக்கது பொன்னேயன்றிக் கணக்கன்று என்பது அவர்கள் கருத்துப் போலும்.

இனி இக்காலத்து நிலையைக் காண்பாம். ஆலயங்களின் பொருளை மேற்பார்க்க 1817-இல் ஒழுங்குவிதியும், 1863-இல் ஒரு சட்டமும், 1925-இல் சென்னை மாகாணச் சட்டமும் தோன்றின. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டுத் திருக்கோயில்களின் கணக்குத் தணிக்கைக்கு உட்படுகின்றது. ஆனால் அன்பர்கள் ஆங்காங்கே தாமே கூடிக் குடமுழுக்கு, அன்னதானம், உழவாரம் முதலியவற்றின்பொருட்டுப் பொருள் திரட்டுங் கூட்டங்கள் பலவற்றின் கணக்கை, நடத்துவோரன்றிப் பிறர் காணுதல் அரிதாகவே உள்ளது. அத்தகைய கூட்டத்தார் வெளியிட்ட அறிக்கைகள் சில எம் பார்வைக்கு வந்துள்ளன. ஈந்தோர் பெயர்கள் பக்கம் பக்கமாக நிற்கும். செலவோ சில வரிகளில் முடியும். அவ்வரிகளுள்ளும் 'பலவகைச் செலவு' என்பது பெருந்தொகையாக நிற்கும். அன்னதானத்திற்கெனத் தொகுத்தது மண்டபத்திற் சென்று புதைந்திருக்கும். வைப்புநிதியெனப் பெற்றது விழாப் பந்தலில் வாடியிருக்கும். இவை களவல்ல என்று கூறுவாருமுளர். களவன்றாயினும் வாக்குப்பிழையாம். நெய்க்கு விட்ட ஆட்டைத் தேருக்கு விற்றவன் தன் வீட்டிற்கு ஒன்றுங் கொண்டிலனாயினும், விளக்கு அவிந்தமைக்கு அவனே பொறுப்பாவான்.

திருவீழிமிழலையிற் பஞ்சம் நேர்ந்தபோது இறைவன் நாவுக்கரசர்க்கும் ஞானசம்பந்தர்க்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளிய வரலாறு பெரியபுராணத்திற் கண்டது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி இருந்தமையின் அவர் திருமடத்தில் அடியார்க்கு அமுதூட்டத் தாழ்த்தது. பிள்ளையார் பதிகம் பாடி வாசி நீங்கிய காசு பெற்றார். இறைவனே அருளிய காசிலும் வாசி இருத்தல் ஆகாதென்று விண்ணப்பித்தது அடியார் பசிநோக்கியேயாம். அங்ஙனமாக, ஈவோன் கைக்கும் அடியார் இலைக்கும் இடையே இன்று கழியும் வாசி எவ்வளவு என்று வினவுதல் எங்ஙனம் நிந்தையாகும்?

ஈண்டு ஒரு வரையறை வேண்டும். ஊழியர் ஊதியம் அனைத்தையும் வாசியென்று தள்ளுதல் நேர்மையன்று. தஞ்சைக் கோயிலிற் கணக்கெழுதுவார்க்கும் சீவிதம் வகுக்கப்பட்டிருந்தது. செவ்விய கணக்குக்குக் கூலி கொடாத தருமம், சின்னாளிற் கணக்கே இல்லாத தருமமாய் முடியும். கடியத்தக்கன, வேண்டற்பாலதல்லாத ஆரவாரமும், காட்டப்படாத செலவுமே. நேர்மையாளராகிய நிர்வாகிகட்குக் கணக்கு ஒரு கவசமுமாம். வெளிப்படக் காட்டினார்மேல் வீண்பழி சாராது.

கணக்குக் கேட்டல் பத்திக்குக் குறைவென்பாருக்கு விடை ஆலயத்திலேயே உளது. சோழர் காலத்துக் கோயில் நிலவிலையும் ஓலையும் சண்டேசுரர் பெயரால் நடந்தன. இன்றும் அவர் சந்நிதியில், யாதொன்றுங் கொண்டு செல்கின்றிலேம் என்பதற்கு அறிகுறியாக வெறுங்கையைக் காட்டி வருகின்றோம். வழிபட வந்த ஏழையும் வெறுங்கை காட்டிச் செல்லுமிடத்தில், இலக்கக்கணக்கிற் பொருள் ஆண்டவர் தம் கையைக் காட்டுதற்கு ஏன் கூசல் வேண்டும்? கேட்பவனும் பொருளுடையவனாக நின்று கேட்கவில்லை. தொண்டனாக நின்றே கேட்கின்றான். தன் பொருளுக்குக் கணக்குக் கேட்டல் உலோபமாகலாம். சிவன்பொருளுக்குக் கேட்டல் தொண்டேயாம்.

ஆதலின், பொருள் ஈயும் அன்பர்கள் எதன்பொருட்டு ஈகின்றோம் என்பதை எழுத்தில் தருக. முதல் நிற்கின்றதா என்று ஆண்டுக்கொருமுறை வினவுக. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருநாள் நேரிற்சென்று விளக்கெரிகின்றதா, இலையிற் சோறு விழுகின்றதா என்று காண்க. நிர்வாகம் பூண்டோர் பிறர் கேட்குமுன்னரே காட்டுக. சிவதருமம் குன்றாது ஓங்கத் திருவருள் முன்னிற்பதாக.