வறுத்த பயறு முளைக்குமா?

எங்க தாத்தா திருப்புட்குழியில் தலையாரியாக இருந்தவர். ராத்திரி பூராவும் கம்பை ஊன்றிக்கொண்டு ஊர்க்காரர்களின் களத்தைச் சுற்றி வருவார். நாலு மரக்கால் நெல் குறைந்துவிட்டால் விடிந்ததும் ஆள் வரும். திண்ணைக்குக் கீழே தெருவில் நின்று அவர் பதில் சொல்ல வேண்டும். எங்கடா போனே, எப்போ தூங்கினே, யார்கூடப் பேசினே என்று கேள்விமேல் கேள்வி. கேட்டவர்களுக்குச் சட்டம் தேவைப்படவில்லை, கமிஷன் தேவைப்படவில்லை. ஊருக்கு அந்த உரிமை பிறப்பிலேயே இருந்தது. இந்தக் கதையை முடிக்கும்போது ஆயா ஒன்று கேட்கும்: "காவக்காரன் நம்மாளா இருந்தா ஊரே கணக்கு கேக்குது. காவக்காரன் அதிகாரத்துல இருந்தா அவன்கிட்ட கணக்கு யாருடா கேக்குறது?"

ஆயாவின் கேள்வியைக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்கென்றே தனிப் போலீஸ் உண்டு. நம்மிடம் அப்படி இல்லை. இங்கே கேட்டில் வாட்ச்மேன், கேட்டுக்கு வெளியே சர்க்கார் போலீஸ். ஆனால் அந்தப் போலீஸ் எப்போது உள்ளே வருகிறது, யார் கூப்பிட்டு வருகிறது, உள்ளே வந்து செய்ததற்கு யாரிடம் கணக்குச் சொல்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. தலையாரியைக் கேள்வி கேட்டது ஊர் வழக்கம். போலீசைக் கேள்வி கேட்டால் மட்டும் அது பணிக்கு இடையூறு.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்தபோது ஒருநாள் ராத்திரி எங்கள் ஆஸ்டலுக்குள் போலீஸ் வந்தது. மெஸ் சோறு சரியில்லை என்று நாங்கள் சாலையில் உட்கார்ந்த மறுநாள் அது. என் அறையில் இருந்தவனை மாடிப்படியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் அவனால் காலை ஊன்ற முடியவில்லை. பிறகு ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். கல்லூரித் தலைவர், விடுதிக் காப்பாளர், அன்று உள்ளே வந்த அதே அதிகாரி. மூன்று பேரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை என்று டைப் அடித்த தாளை நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். நைனா தறியில் கூலிக்கு நெய்து அனுப்புகிற பணம் கண்முன்னால் வந்து நின்றது. போட்டேன். அவன் மட்டும் போடவில்லை. அடுத்த வருஷம் அவன் கல்லூரியில் இல்லை.

ஆகவே விசாரணை அறிக்கை என்பது எனக்கு அந்நியமான பிரதி அல்ல. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை நான் படித்தது அதற்குப் பிறகுதான். முதலமைச்சர் கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பதை மாணவர்கள் எதிர்த்தார்கள். தடியடி நடந்தது. உதயகுமார் என்ற மாணவன் வளாகத்துக் குளத்தில் பிணமாகக் கிடந்தான். அது என் மகன் இல்லை என்று பெற்ற தகப்பனே சொன்னார். அந்த மனிதரை அப்படிச் சொல்லவைத்தது எது என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். சிலர் அவரைக் கோழை என்கிறார்கள். ஒரு தாளுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். கமிஷன் அறிக்கை என்கிற இலக்கிய வகையின் முதல் விதி இதுதான்: பாதிக்கப்பட்டவன் வாயாலேயே பாதிப்பை மறுக்க வைப்பது. உண்மையைத் தேடுகிறோம் என்பார்கள். யாருக்கு எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் பேச மாட்டார்கள்.

இப்போது இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம்.

2008 நவம்பர் 12, சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை எடுத்துவிட்டார்கள் என்பதில் புகைந்தது அன்று பற்றி எரிந்தது. விழுந்தவனைச் சுற்றி நின்று கட்டையால் அடித்ததை டி.வி.யில் நாடே பார்த்தது. கேட்டுக்கு வெளியே போலீசும் நின்று பார்த்தது. முதல்வர் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். இந்த இடத்தில் நாம் மழுப்பக் கூடாது. அன்று டி.வி.யில் அடிபட்டுக் கிடந்தவர்கள் நம் பிள்ளைகள் அல்ல. அடித்தவர்களில் நம் பிள்ளைகள் இருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் போலீசைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதை வரும். அடிபடுகிறவன் எந்தச் சாதியானாலும், அவன் சாவதை வாசலில் நின்று பார்க்கிற காவல் காவல் அல்ல. சாதிக்காரன்கள் அடித்துக்கொள்ளட்டும், பிறகு இரண்டு பக்கமும் கேஸ் போடலாம் என்கிற அந்த நிதானம் நம் கிராமங்களுக்குப் பழக்கமானது. ஊர் சேரிமேல் பாயும்போது ஜீப் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று நமக்குத் தெரியாதா?

2009 பிப்ரவரி 19, சென்னை உயர் நீதிமன்றம். சட்டக் கல்லூரிக்குப் பக்கத்து வளாகம். மூன்று மாதம் கழிந்திருக்கிறது. அதே நகரத்துப் போலீஸ் இப்போது நீதிமன்றத்துக்குள் புகுந்து வக்கீல்களை விரட்டி விரட்டி அடித்தது. தடுக்க வந்த நீதிபதி ஒருவருக்கும் அடி. அன்று அனுமதி என்ற வார்த்தை யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஒரு வாசலில் நிற்கத் தெரிந்த கால்களுக்கு இன்னொரு வாசலைத் தாண்டவும் தெரிந்திருக்கிறது. தில்லியிலும் இதே பாடம்தான். 2019 டிசம்பர் 15இல் ஜாமியா மில்லியா நூலகத்துக்குள் தடியோடு போனார்கள். மூன்று வாரத்தில், 2020 ஜனவரி 5இல், ஜே.என்.யு.வில் முகமூடிக் கும்பல் விடுதிகளுக்குள் புகுந்து அடித்தபோது போலீஸ் வெளியே நின்றது. ஆக, அனுமதி என்பது சட்டப் பிரச்சினை அல்ல. அது ஒரு வேலி. யாருக்காகத் திறக்க வேண்டும், யாருக்காக மூட வேண்டும் என்பதை அதிகாரம் அப்போதைக்கப்போது முடிவு செய்துகொள்கிறது.

சட்டக் கல்லூரிச் சம்பவத்துக்கு நீதிபதி சண்முகம் கமிஷன் போட்டார்கள். கல்லூரியை இடம் மாற்ற வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. மாணவர்கள் போராடியும் 2018இல் கல்லூரியை இரண்டாக்கி, ஒன்றை அன்றைய எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துப் புதுப்பாக்கத்துக்கும் மற்றொன்றைத் திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைப்பெரும்புதூருக்கும் கொண்டுபோனார்கள். கல்லூரி இடம் பெயர்ந்தது. போலீஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. வாசலில் நின்றவனிடம் கணக்குக் கேட்பதற்குப் பதிலாக வாசலையே பெயர்த்துக்கொண்டு போன கதை இது.

நம் எழுத்தும் சினிமாவும் இந்த வாசலில் நின்று பார்க்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்', அதிலிருந்து வந்த 'விசாரணை', பிறகு 2021இல் 'ஜெய் பீம்' என்று ஸ்டேஷனுக்குள் நடப்பதை எழுதிவிட்டோம். 2018இல் 'பரியேறும் பெருமாள்' வழியாகச் சட்டக் கல்லூரிக்குள் நடப்பதையும் பார்த்துவிட்டோம். அந்தப் படத்தில் பரியன் கல்லூரிக்கு உள்ளேயும் வெளியேயும் அவமானப்படுகிறான். அவனுக்காகக் காவல் என்று ஒன்று எங்கும் வந்து நிற்பதில்லை. படம் அதை ஒரு கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு டீ கிளாசை வைத்து மனசாட்சியிடம் பேசுகிறது. மனசாட்சி வேண்டியதுதான். ஆனால் ஸ்டேஷனுக்கும் வகுப்பறைக்கும் நடுவிலே ஒரு கேட் இருக்கிறதே, அங்கே யார் யாரிடம் போன் பேசி யாரை உள்ளே விட்டார்கள் என்பதை நாம் எழுதவில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளை நானும் இத்தனை நாள் எழுதவில்லை.

எழுதுவதற்குக் கதை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது திருப்புட்குழியில் என்பார்கள். குருவின் வியாக்கியானத்தைச் சிஷ்யன் மறுத்துவிட்டான். காசி யாத்திரை என்று கூட்டிக்கொண்டு போய் வழியில் தீர்த்துவிடத் திட்டம் போட்டார்கள். கூடப் படித்த கோவிந்தன் காதில் போட்டதால் ராமானுஜர் தப்பித்தார். காட்டில் ஒரு வேடனும் வேடச்சியும் காஞ்சிபுரத்துக்கு வழிகாட்டினார்கள். இதை ஒரு வளாகத்தின் கதையாகப் படித்துப் பாருங்கள். ஆபத்து பள்ளிக்குள் இருந்தே வருகிறது. தகவலும் உள்ளே இருந்த ஒருவனிடமிருந்தே வருகிறது. காப்பாற்றியவர்களோ, அந்தப் பள்ளிக்குள் உட்காரவே முடியாத வெளி ஆட்கள். கடைசியில் புராணம் என்ன செய்கிறது? வந்தது வேடர்கள் இல்லை, வரதராஜப் பெருமாளும் தாயாரும்தான் என்று சொல்லி, அந்த ஒரு நல்ல காரியத்தையும் வேடர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. ஆனாலும் கதைக்குள் உண்மை மிஞ்சி நிற்கிறது. உள்ளே பேசத் துணிந்த ஒரு வாய் வேண்டும், வெளியே பார்க்கிற ஒரு கண்ணும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் சிஷ்யன் காசிக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்.

நம் சட்டங்களை இந்தக் கதையோடு ஒப்பிடுவோம். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில், போலீஸ்மீது வரும் புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013இல் சட்டம் போட்டது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். என் ஆஸ்டல் மேசையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கோட்டையில் போட்டதுபோல் இல்லையா?

எங்கள் ஊர்த் தாயார் மரகதவல்லிக்கு ஒரு பேர் உண்டு, வறுத்த பயறையும் முளைக்க வைப்பவள் என்று. பிள்ளை இல்லாத பெண்கள் வறுத்த பயறை ராத்திரி மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். அது நம்பிக்கை, அவர்கள் வேதனை, அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் எஸ்.பி. உட்கார்ந்த குழுவிடம் எஸ்.ஐ. மேல் புகார் கொடுத்துவிட்டு நியாயம் முளைக்கும் என்று காத்திருக்கச் சொன்னால், வறுத்த பயறை நம் மடியிலும் கட்டிவிடுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். துணிந்து புகார் கொடுத்தாள். பெயரும் விவரமும் உள்ள எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட புலனாய்வுக் குழுவை அமைத்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, குறைந்தது 30 ஆண்டு. நல்லது. ஆனால் வாய் திறந்தவளின் பெயரை ஊருக்குக் காட்டிக்கொடுத்த அமைப்பு, அடுத்து வாய் திறக்க நினைத்த பெண்ணுக்கு என்ன சொல்லியிருக்கும்?

வெளிநாட்டைக் காட்டி ஏங்கவும் வேண்டாம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ள மேரிலாந்து மாநிலம் 2019இல் சட்டம் போட்டது. மாணவர், ஆசிரியர், அக்கம்பக்கத்து மக்கள் அடங்கிய 15 பேர் கண்காணிப்புக் குழுவையும் அதிலேயே சேர்த்தது. மாணவர்களும் பால்டிமோர் கறுப்பின மக்களும் அதை நம்பாமல் நிர்வாகக் கட்டிடத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். யோசனை சொல்கிற குழுவுக்குத் தண்டிக்கிற கை உண்டா? இருந்தாலும் பக்கத்துத் தெருக்காரனுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்பது அங்கே சட்டத்தில் ஏறியிருக்கிறது. இங்கே அதுகூட இல்லை.

ஆனால் நமக்கு ஒரு கொழுகொம்பு இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன்படி மாவட்டந்தோறும் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அதில் அரசு சாராதவர்களுக்கும் இடம் உண்டு. அங்கேயும் கலெக்டர்தான் தலைவர் என்பது தெரியும். ஆனாலும் கல்லூரி வளாகங்களை அதன் பேச்சுப்பொருளில் ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். இன்னொன்றை மாணவர்களே கேட்க வேண்டும். ஒவ்வொரு வளாகத்திலும் ஒரு பதிவேடு. போலீஸ் எந்தத் தேதி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, கூப்பிட்டது யார், கூப்பிட்டும் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை. அதைத் திறந்து பார்க்க விடுதி மாணவருக்கும் மாணவிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் கேட்டுக்கு வெளியே குடியிருக்கிற சேரிக்காரருக்கும் உரிமை. அந்த மேசையில் போலீஸ் உட்காரக் கூடாது. வந்து பதில் சொல்லலாம்.

பெரிய புரட்சி ஒன்றும் இல்லை இது. எங்க தாத்தாவிடம் ஊர் கேட்ட அதே மூன்று கேள்விதான். எங்கே போனே, எப்போ போனே, யார்கூடப் பேசினே.

என் அறைத்தோழனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியாததால் தேடவும் இல்லை. அந்தத் தாளில் என் கையெழுத்து இன்னும் இருக்கும். அவன் அடிபட்டான், நான் பார்த்தேன். இதை இந்தப் பக்கத்தில் எழுதிக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.