கதவோரக் காந்தம்

மறதி நோயாளி இருக்கும் வீட்டில் வாசல் கதவின் மேல்மூலையைப் பாருங்கள். வழுவழுப்பான இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள். ஒன்று நிலையில், மற்றது கதவில். ஒன்றில் காந்தம். மற்றதில் சின்னஞ்சிறு கண்ணாடிக் குழல், அதனுள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். கதவு மூடியிருக்கும்வரை காந்தத்தின் இழுப்பில் நாக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், திறந்தால் விலகிவிடும். காதை வைத்தால் மட்டும் பிடிபடும் ஒரு 'டிக்'.

அதுதான் அடுத்த அறையில் உறங்கும் மகளின் தலைமாட்டில் மணியாக ஒலிக்கிறது. இந்தக் கருவி கேமராவைப்போல முறைப்பதில்லை; அம்மா என்ன உடுத்தியிருக்கிறார், என்ன முணுமுணுக்கிறார் என்பதெல்லாம் அதற்கு வேண்டாத சேதி. இந்த நாகரிகம்தான் எனக்குப் பிடித்தது. வெளியே கிளம்பும் அம்மாவைத் தடுத்து நிறுத்துவதும் அதன் வேலையல்ல. "எங்கம்மா கிளம்பிட்டே? இரு, நானும் வர்றேன்" என்று மகள்தான் செருப்பை எடுத்துப் போடுகிறாள். வாதாடுவதில்லை, தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.