மாற்றல் இல்லாத இன்ஸ்பெக்டர்

வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமைகளில் மனுவோடு வருகிறவர்களைக் கேட்டால் ஒரு குறை பொதுவாக இருக்கும். போன தடவை மனு வாங்கிய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார்; புதிதாக வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரே போலீஸ் அதிகாரி திரும்பத் திரும்ப வரும் துப்பறியும் கதைகளின் ஈர்ப்பை இந்த ஏக்கத்திலிருந்துதான் புரிந்துகொள்ள முடிகிறது. கதையில் வரும் அதிகாரிக்கு மாற்றல் கிடையாது. எடுத்த வழக்கை முடிக்காமல் அவர் போகமாட்டார்.

தமிழில் இந்த வகை பழையது. ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’ என்ற நூலைப் பண்டித நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்டார். வங்காளத்தில் பிரியநாத் முகோபாத்யாய் என்ற போலீஸ் அதிகாரி தம் அனுபவங்களையே 1892 முதல் தொடராக எழுதினார். பின்னாளில் தமிழில் ராஜேஷ்குமார் கதைகளின் போலீஸ் அதிகாரி விவேக், மனைவி ரூபலாவோடு வீட்டுக்கு வீடு அறிமுகமானார்.

சிறுகதைக்கு இப்படிப்பட்ட நாயகன் பெரிய வசதி. அவரை அறிமுகப்படுத்த ஒரு வரிகூடச் செலவழிக்க வேண்டியதில்லை. முதல் பத்தியிலேயே பிணம் விழலாம். தேவனின் துப்பறியும் சாம்புவுக்கு அதிர்ஷ்டமும் இன்ஸ்பெக்டர் கோபாலனும் தேவை. சுஜாதாவின் வக்கீல் கணேஷுக்குக் கட்சிக்காரர் வர வேண்டும். போலீஸ்காரரோ எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம். பிரேதப் பரிசோதனை அறிக்கை அவர் மேஜைக்கே வரும். பண்ணையார் வீடானாலும் குடிசையானாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்தச் சமத்துவம் வாசகருக்குத் தரும் நிறைவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் இந்தக் கதைகள் முடியும் விதம் பெரும் குறை. கடைசிப் பக்கத்தில் அதிகாரி அதட்டுவார், குற்றவாளி அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான், கதை முடிந்துவிடும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாதிருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அந்த வாக்குமூலத்தால் கண்டெடுக்கப்படும் பொருள் தொடர்பான பகுதி மட்டுமே விலக்கு. ஆக, கதை முடிகிற இடத்தில் வழக்கு நிரூபிக்கப்படவே இல்லை.

சட்டம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அடித்து வாங்கும் ஒப்புதல் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தாம் பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ நாவலாக எழுதினார். வெற்றிமாறனின் ‘விசாரணை’ படம் அதிலிருந்து பிறந்தது. 2020இல் சாத்தான்குளத்தில் காவலில் எடுக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். இவ்வளவும் நடந்த மண்ணில், நாயகன் ஓங்கும் கையைத் திறமையாகக் காட்டும் கதை வாசகரின் மனசாட்சியை மழுங்கடிக்கிறது. நல்ல அதிகாரி என்பதால் அவர் அடிப்பதும் நியாயம் என்ற எண்ணம் மெல்லப் படிகிறது.

அதற்காக இந்த நாயகனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவர் சந்தேகப்பட்ட ஆள் நிரபராதி என்று ஒரு கதையில் தெரியட்டும். குறுக்கு விசாரணையில் அவர் திணறட்டும். தடயத்தை முறையாக எடுத்த கான்ஸ்டபிளுக்கும் கதையில் ஒரு பெயர் இருக்கட்டும். நேர்மையான அதிகாரி வேண்டும் என்று ஏங்கும் வாசகருக்கு, நேர்மை என்பது நடைமுறைக்குக் கட்டுப்படுவதும்தான் என்று காட்டுகிற கதையே உண்மையாக இருக்கிறது. அப்படி எழுத நம் எழுத்தாளர்களுக்குத் திறமை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியது வாசகர்களின் பொறுப்பு.