காஸ்ட், த்ரோ, ஹர்ல்: யோனாவைக் கடலில் போட்ட வினைச்சொற்கள்

ஆங்கிலத்தில் எறிவதற்கு ஒரு பட்டாளம் வினைச்சொற்கள் இருக்கின்றன. த்ரோ பொதுச்சொல். டாஸ் என்றால் கை நோகாமல் லேசாகப் போடுவது. நாணயத்தையும் டாஸ் பண்ணலாம், சாலட்டையும் பண்ணலாம். ஃப்ளிங்கில் முன்பின் யோசிக்காத வேகம் இருக்கும். ஹர்லில் முழு பலமும், பெரும்பாலும் கோபமும் இருக்கும். வசவுகளை ஹர்ல் பண்ணுவது அதனால்தான். சக்? நம்ம ‘கடாசு’வேதான்.

காஸ்டின் கதை வேறு. பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். ஒரு காலத்தில் கல்லை எறியவும் அதுதான் அன்றாடச் சொல். பிறகு த்ரோ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. த்ரோவுக்கே பழைய ஆங்கிலத்தில் ‘முறுக்கு, திருகு’ என்றுதான் பொருள். சக்கரத்தில் பானை வனைவதை இன்றும் த்ரோ என்றே சொல்கிறார்கள். கல் கைமாறிப் போனபின் காஸ்டிடம் மிஞ்சியவை வலை, தூண்டில், நிழல், சந்தேகம், ஓட்டு, குலுக்கல் சீட்டு. இவற்றில் பலவும் எறிந்தவனை விட்டு முழுசாகப் போவதில்லை. வலைக்குக் கயிறு உண்டு, நிழல் காலைப் பிடித்துக்கொண்டே வரும், ஓட்டு ஐந்து வருஷம் துரத்தும். த்ரோவில் அந்தப் பாசமெல்லாம் கிடையாது. ஜாவாவில் பிழையை த்ரோ பண்ணுகிறோம். அப்புறம் பிடிப்பவன் பாடு.

இந்த வித்தியாசம் ஒரு கதையையே எப்படி மாற்றுகிறது என்பதற்கு, பைபிளில் யோனாவின் கதையை மூன்று ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அடுத்தடுத்து வாசிக்கலாம். கடவுளிடமிருந்து தப்பிக் கப்பலேறுகிறான் யோனா. புயல் வருகிறது. மாலுமிகள் சரக்கைக் கடலில் எறிகிறார்கள், சீட்டுப் போடுகிறார்கள், கடைசியில் அவனையே எறிகிறார்கள். மீனின் வயிற்றிலிருந்து அவன் ஜெபிக்கும்போது, நீர்தான் என்னை ஆழத்தில் எறிந்தீர் என்கிறான் கடவுளிடம்.

1611-இன் கிங் ஜேம்ஸ் பைபிளில் சரக்கு, சீட்டு, யோனா, ஜெபம் எல்லாவற்றுக்கும் காஸ்ட்தான். நியூ இன்டர்நேஷனல் வெர்ஷனில் சரக்கும் யோனாவும் த்ரோ, சீட்டு காஸ்ட், ஜெபத்தில் ஹர்ல். சரளமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. 2001-இல் வந்த இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன் கறாரானது. எபிரேய மூலத்தில் கடவுள் கடல்மேல் காற்றை ஏவுவது, சரக்கை எறிவது, யோனாவை எறிவது மூன்றுக்கும் ஒரே வினை. அதை மதித்து மூன்றுக்கும் ஹர்ல் போட்டிருக்கிறார்கள். காற்றுக்கு அது அபாரம். மற்ற இரண்டிலும் வெறும் அனுப்பலாக நிற்கும் காற்று, இங்கே கடவுள் கையிலிருந்து கிளம்புகிறது.

ஆனால் மாலுமிகளுக்கு? அவர்கள் கோபக்காரர்கள் இல்லை. எறியச் சொன்னதே யோனாதான். அப்படியும் மனசு வராமல் கரைக்குத் துடுப்பு வலித்துப் பார்க்கிறார்கள், முடியவில்லை. இந்தப் பழி எங்கள்மேல் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டுதான் தூக்குகிறார்கள். அப்படிப்பட்டவர்களை ஹர்ல் பண்ண வைத்தால் அவர்கள் ஒரு வெறிக்கும்பல் ஆகிவிடுகிறார்கள். மூலத்துக்கு விசுவாசம், பாத்திரங்களுக்குத் துரோகம்.

சீட்டுக்கும் ஜெபத்துக்கும் மூலத்தில் வேறு வேறு வினைகள். கிங் ஜேம்ஸ் ஆட்கள் அவற்றையும் காஸ்டுக்குள் கொண்டுவந்தது மூலத்தில் இல்லாத இணைப்பு. திட்டமிட்டார்களோ, அந்தக் காலத்துப் பழக்கமோ, எனக்கு அது பிடித்திருக்கிறது. சீட்டு விழுந்த அதே வினையில் ஆளும் விழுகிறான். கை மாலுமிகளுடையது, எறிதல் வேறொருவருடையது என்பது தனியாகச் சொல்லாமலே புரிகிறது.

நம் பழைய தமிழ் பைபிளில் சரக்கை எறிந்துவிடுகிறார்கள். சீட்டைப் போடுகிறார்கள். யோனாவையும் எறிவதில்லை, எடுத்துக் கடலில் போட்டுவிடுகிறார்கள். சரக்குக்கு ஒரு வினை, மனுஷனுக்கு வேறொன்று. அந்த வேறொன்று சீட்டுக்கும் உரியது. ‘தயக்கத்துடன்’, ‘கனத்த மனதுடன்’ என்று இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் ஒட்டவைக்கும் எந்த வாலும் அங்கே இல்லை.