ஆய்வு நாளில் மட்டும் திறக்கும் கதவு

திருமுக்கூடலில் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும் பள்ளிப் பேருந்துகள், கல்குவாரிக்கும் கிரஷருக்கும் போய்வரும் டிப்பர் லாரிகளோடுதான் சாலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்படிப்பட்ட சாலையில் ஒரு பேருந்து மோதி முன்படி அடைபட்டால், உள்ளே இருக்கும் பிள்ளைகள் எந்த வழியாக வெளியே வருவார்கள்? அதற்காகத்தான் வண்டியில் ‘அவசரகால வழி’ என்று எழுதிய கதவு இருக்கிறது. அந்தக் கதவு தேவைப்படும் நேரத்தில் திறக்குமா என்பதற்கு நம் விதிகள் எவ்வளவு பொறுப்பேற்கின்றன?

விதிகள் வந்த வரலாற்றை முதலில் மதிக்க வேண்டும். 1997 நவம்பர் 18 அன்று டெல்லி வஜீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 மாணவர்கள் இறந்தனர். அடுத்த சில வாரங்களில், பள்ளிப் பேருந்துகள் எப்படி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனச் சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது.

அதன் பயன் கண்கூடு. கோடை விடுமுறை முடியுமுன் மாவட்டந்தோறும் பேருந்துகள் ஒரு மைதானத்தில் அணிவகுக்கின்றன. போக்குவரத்து, காவல், வருவாய், கல்வித் துறையினர் சேர்ந்து தளம், படி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், அவசர வழி எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். குறை இருந்தால் வண்டி திருப்பி அனுப்பப்படுகிறது. குழந்தைகள் ஏறுமுன் பழுதைக் கண்டுபிடிக்கும் இந்த ஏற்பாடு உண்மையான சாதனை.

குறை அந்த ஒரு நாளுக்குப் பிறகு தொடங்குகிறது. தகுதிச் சான்றுக்காக (எஃப்.சி.) அடிக்கும் மஞ்சள் பெயின்ட் கதவின் இடுக்கிலும் கீலிலும் இறங்கிக் காய்ந்தால் கதவு ஒட்டிக்கொள்ளும். மழைக்காலம் முழுக்கத் தொடாத கைப்பிடி துருவேறி இறுகும். கதவை ஒட்டிப் புத்தகப் பைகள் குவியும்; ஸ்டெப்னி கிடக்கும்; கூடுதலாக நாலு பிள்ளைகள் உட்கார ஒரு பலகை முளைக்கும். கதவு இருக்கும், ஆனால் வழி இருக்காது. 1988 மே 14 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்தது இதுவே. பழைய பள்ளிப் பேருந்து ஒன்று மோதித் தீப்பற்றியது. முன்வாசலை நெருப்பு மறித்தது. பின்கதவு திறந்தும், இருக்கைகளுக்கிடையே இருந்த குறுகிய வழியில் நெரிசல் ஏற்பட்டு 27 பேர் இறந்தனர்.

இரண்டாவது குறை விதிக்குள்ளேயே இருக்கிறது. ஜன்னல்களில் கிடைமட்டக் கம்பிகள் வேண்டும் என்பது 1997 ஆணையின் ஒரு பகுதி. தலையையும் கையையும் வெளியே நீட்டும் பிள்ளைகளை அது காக்கிறது. ஆனால் அவசரக் கதவு இருக்கும் பக்கமாகவே பேருந்து கவிழ்ந்தால், அதே கம்பிகள் ஜன்னல் வழியை அடைத்துவிடுகின்றன. கம்பியை எடுத்துவிடச் சொல்லவில்லை. உள்ளிருந்து விடுவிக்கக்கூடிய கம்பிச் சட்டமும் கூரைத் திறப்பும் அதோடு சேர்ந்து வர வேண்டும்.

மூன்றாவது குறைதான் பெரியது. ஆய்வு மைதானத்தில் தீயணைப்பு வீரர்கள் ஓட்டுநர்களுக்குச் செயல்விளக்கம் தருகிறார்கள். விடுமுறை என்பதால் அங்கே குழந்தைகள் இல்லை. கதவைத் திறந்து பார்ப்பது பெரியவர்களின் கை. பேருந்தின் தளமோ தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் எல்.கே.ஜி. பிள்ளையின் உயரத்தில் இருக்கும். கீழே யார் நின்று தாங்குவது, எந்த வரிசை முதலில் இறங்குவது என்பதைப் பழகாத பிள்ளை, புகை சூழ்ந்த நேரத்தில் கற்றுக்கொள்ளாது. அப்படிப்பட்ட நேரம் வெறும் கற்பனை அல்ல: 2024 அக்டோபர் 1 அன்று தாய்லாந்தில் சுற்றுலா சென்ற பள்ளிப் பேருந்து எரிந்து 20 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் மாண்டனர்.

“எளிதில் திறக்கும் கதவை ஓடும் வண்டியில் ஏதாவது பிள்ளை திறந்துவிட்டால்?” என்று பள்ளிகள் கேட்பது நியாயமான அச்சமே. அதற்குப் பூட்டு தீர்வல்ல. அவசர வழி பூட்டியிருந்தால் எஞ்சின் கிளம்பாது, கைப்பிடி நகர்ந்தால் ஓட்டுநருக்கு ஒலி கேட்கும் என்கிற அமைப்பை அமெரிக்கப் பள்ளிப் பேருந்து விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன.

கதவுக்கு யார் பொறுப்பு என்பதை எப்படி எழுதுவது? அதற்குத் திருமுக்கூடலிலேயே முன்மாதிரி இருக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஒரு பள்ளியையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் (மருத்துவமனை) பற்றிச் சொல்கிறது. மருத்துவர் முதல் பணியாளர்வரை யாருக்கு எவ்வளவு கூலி என்பதும், என்னென்ன மருந்து இருப்பில் வேண்டும் என்பதும் அதில் உண்டு. பொறுப்பை ஆளோடும் கூலியோடும் சேர்த்து எழுதியதே அதன் சிறப்பு. நம் பேருந்து விதிகளுக்கு வேண்டியதும் அதுவே. தினமும் கதவைத் திறந்து பார்த்துக் கையெழுத்திடும் உதவியாளரும், பருவத்துக்கு ஒருமுறை பிள்ளைகளோடு இறங்கும் பயிற்சியும் கட்டாயமாக வேண்டும்.

2012 விதிகள் நல்ல தொடக்கம், பாதி வேலை. மீதியைப் பெற்றோரும் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்குமுன், அவசரக் கதவை உங்கள் பிள்ளையின் கண்ணெதிரே ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள்.