ஒன்றிலிருந்து ஐம்பத்தொன்று

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், ஃபேர்ஃபேக்ஸ் மாவட்டத்தில் இருக்கும் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்பப் பள்ளி ஓர் அரசுப் பள்ளி. அந்தப் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ‘டிஜே’ என்றால் தெரியும். 2020 வரை அங்கே சேர 100 டாலர் கட்டி நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பயிற்சி மையத்துக்குப் போய்த் தயாரானார்கள். அந்த ஆண்டு இடம் கிடைத்தவர்களில் 73 விழுக்காட்டினர் ஆசிய வம்சாவளியினர். கறுப்பின மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒரு விழுக்காடுகூட இல்லை.

2020 அக்டோபரில் கல்வி மன்றம் தேர்வையும் கட்டணத்தையும் எடுத்துவிட்டது. டிசம்பரில், மாவட்டத்தின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 விழுக்காடு இடம் ஒதுக்கியது. மதிப்பெண், கட்டுரைகளோடு வறுமையும் கணக்கில் வந்தது. விண்ணப்பத்தைத் திருத்துபவர் கையில் இருப்பது ஓர் எண் மட்டும். பெயரோ இனமோ அவருக்குத் தெரியாது.

மறு ஆண்டு ஆசிய மாணவர்களின் பங்கு 54 விழுக்காடாக இறங்கியது. முடிவு வருமுன்பே பெற்றோர் கொதித்து வழக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த விழுக்காட்டுக்குள் மறைந்துகிடக்கும் இன்னொரு கணக்கைப் பாருங்கள். வறிய குடும்பத்து ஆசியப் பிள்ளைகளில் 2020-இல் இடம் பெற்றவர் ஒரே ஒருவர். 2021-இல் 51 பேர். ‘ஆசியர்’ என்ற ஒற்றைச் சொல்லில், பயிற்சிக்குப் பணம் கட்டிய பிள்ளையும் கட்ட வழியில்லாத பிள்ளையும் ஒன்றாகிவிடுகிறார்கள். பள்ளிவாரியாகவும் வருமானவாரியாகவும் எண்ணியதால்தான் அந்த 51 பேர் கண்ணில் பட்டார்கள். இந்த முறையின் உண்மையான பலம் இதுவே.

குறையும் சிறியதல்ல. அரசியல் சாசனம் எல்லாருக்கும் சமப் பாதுகாப்புத் தருகிறது. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, மத்திய நிதி வாங்கும் பள்ளி எதுவும் இனம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்கிறது. விதி இனத்தைப் பெயர் சொல்லாவிட்டாலும் அதை எழுதியவர்களின் நோக்கம் என்ன என்று கேட்பது நியாயமான கேள்வி. இந்தத் திட்டத்தில் ஆசியர்களுக்கு எதிரான வாடை இருப்பதாக மன்ற உறுப்பினர்களே தங்களுக்குள் குறுஞ்செய்தியில் பேசிக்கொண்டது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 2022-இல் மாவட்ட நீதிமன்றம் திட்டம் செல்லாது என்றது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: விண்ணப்பித்தவர்களில் ஆசியர்கள் 49 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, இடம் பெற்றவர்களில் 54, பிறகு பாதிப்பு எங்கே என்று கேட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. அலிட்டோ, தாமஸ் என்ற இரு நீதிபதிகள் மட்டும் மாறுபட்டார்கள்.

மேல்முறையீட்டுத் தீர்ப்பின் முடிவோடு எனக்கு உடன்பாடு. அது நடந்த வழியோடு இல்லை. ஒரு பிரிவுக்கு விகிதப்படி போதுமான இடம் கிடைத்துவிட்டது என்பதால், அதைக் குறைக்க நினைத்தது குற்றமில்லை என்று ஆகிவிடாது. நோக்கத்தைக் கல்வி மன்றம் மேடையில் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்: ஏழைப் பிள்ளைகளுக்கு, விடுபட்ட பள்ளிகளுக்கு இடம் தருகிறோம் என்று. தேர்வையும் அடியோடு தூக்கியெறிந்திருக்க வேண்டாம். கட்டணமில்லாத தேர்வு, பல அளவுகோல்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். வீட்டில் உதவி இல்லாத கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கட்டுரையைவிடக் கணக்குத் தாள்தான் பல நேரம் கைகொடுக்கும்.

இத்தனை சண்டையும் ஆண்டுக்குச் சுமார் 550 இடங்களுக்காக. வாதிட்ட இரு தரப்பும் அதிகம் பேசாத வாசல் ஒன்று அதற்கு முன்னாலேயே இருக்கிறது. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் படிக்காத பிள்ளை டிஜேவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அந்த வகுப்பில் யார் உட்காருவது என்பது ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மன்றம் அடுத்துக் கை வைக்க வேண்டிய இடம் அந்த வகுப்பறை.